அடையாள அட்டைக்கு நிற்பதுபோல

அன்புள்ள அக்கா,

கிளிநொச்சியில் அண்ணாவோடு சேர்ந்து கலியாணப் படம் எடுக்கிறேன். போன மாதம் ஒரு மணப்பெண், கனடாவில் இருக்கிற கணவருக்குக் குடுக்க, அறைக்குள் வைத்து அந்தரங்கமாய்ச் சில படங்கள் எடுத்துத் தரச்சொல்லிக் கேட்டா. நைற்றியிலும், சேலையைக் கொஞ்சம் தளரவிட்டும். எடுத்தேன். எல்லாம் மரக்கட்டை மாதிரி வந்திருக்கு. ஆளும் கொஞ்சம் மொத்தம், போஸ் குடுக்கவும் தெரியாது. ஒரு படத்தை இணைத்திருக்கிறேன், பாருங்கோ. என்னட்டை 50 மில்லிமீற்றர் லென்ஸ்தான் இருக்கு; 85 வாங்கினால் சரிவருமா? இதுக்கு என்ன விலை கேட்கலாம்? எங்கட சமூகத்தில் இப்படி எடுக்கிறது சரியோ?

தங்கச்சி,

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். வளர்ந்த ஒரு பெண் தன் விருப்பத்தில், கதவைப் பூட்டிக்கொண்டு, தன்னைப் படம் எடுக்கச் சொல்கிறா. அதற்குள் சமூகத்துக்கு என்ன வேலை? லென்ஸும் பெரிய பிரச்சினை இல்லை. படம் பதியும் சென்சர் சின்னதான கமராவில் 50 கிட்டத்தட்ட 80 போலத்தான் பார்க்கும். 24, 35 என்று அகல லென்ஸைப் போட்டுக்கொண்டு கட்டிலடிக்குப் போகாதேயும், அவ்வளவுதான். கிட்ட இருப்பது எதுவோ அது ஊதித் தெரியும். முழங்கால் முன்னால் இருந்தால் படம் முழுக்க முழங்கால்.

ஆனால் "போஸ் குடுக்கத் தெரியாது" என்று எழுதினீரே, அதை விடமாட்டேன். காசு வாங்கியது நீர். தெரிந்திருக்க வேண்டியதும் நீர்தான்.

கொஞ்ச நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். வன்னியில் ஒரு பெண் எப்போதெல்லாம் கமராவுக்கு முன்னால் நின்றிருப்பா? அடையாள அட்டைக்கு, பாஸ்போட்டுக்கு, மீள்குடியேறிய பிறகு பதிவுக்கென்று குடும்பத்தோடு வரிசையில், வீட்டுத்திட்டக் காசுக்காக அரைகுறைச் சுவரின் பக்கத்தில். எல்லா இடத்திலும் ஒரே கட்டளை: நேரே பாருங்கோ, ஆடாதேங்கோ. உடம்பு அதைப் படித்துவிட்டது. கமராவைக் கண்டதும் இரண்டு காலிலும் சமமாய்ப் பாரம், தோள் இரண்டும் கமராவுக்கு நேரே, கைகள் விலாவோடு ஒட்டி, நாடி பின்னுக்கு இழுபட்டு. இப்படி நின்றால் யாரும் மொத்தமாகத்தான் தெரிவார்கள். நேரே காட்டிய தோள்தான் ஆளின் ஆக அகலமான பக்கம். விலாவோடு அமுக்கிய கை தட்டையாகி இரட்டிப்பாய்த் தெரியும். பின்னுக்கு இழுத்த நாடி, இல்லாத இரண்டாவது நாடியை உண்டாக்கும். நீர் மொத்தம் என்று சொன்னது அந்தப் பிள்ளையை இல்லை, அந்த நிலையை.

அதைக் கீழிருந்து கழற்ற வேண்டும். நிற்கும்போது பாரம் பின்காலில். முன் முழங்கால் தளர்ந்து மடியட்டும், இடுப்பு தானாகத் திரும்பும். கட்டிலின் நடுவில் இருத்தாதேயும், ஃபோம் மெத்தை அமிழ்ந்து வயிறு மடியும். விளிம்பில், ஒரு பக்க இடுப்பில் பாரத்தைப் போட்டு இருக்கட்டும். தோள் யன்னல் பக்கம், முகம் மட்டும் உம்மிடம். நாடியை முன்னுக்குக் கொண்டுவந்து, பிறகு ஒரு விரற்கடை கீழே. அவவுக்கு அது ஆமை தலை நீட்டுவதுபோல இருக்கும், சிரிப்பா. கமராவின் திரையில் ஒருக்கால் காட்டும், பிறகு தானே செய்வா. கமரா அவவின் கண்மட்டத்துக்குக் கீழே இறங்க வேண்டாம்.

இனிக் கை. முகம் சிரிக்கும், கை பயத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். நீர் அனுப்பியதில் இரண்டு கையும் தொடைமேல், பள்ளிக்கூடப் பிள்ளையின் கைபோல. புறங்கையைக் கமராவுக்கு நேரே காட்டினால் அது முகத்தளவு தெரியும். சின்ன விரல் பக்கம் தெரியத் திருப்பும். தொடுகிற இடத்தை விரல் நுனி மட்டும் தொடட்டும், அழுத்தினால் சதை குழியும். இரண்டு கைக்கும் ஒரே வேலை குடுக்காதேயும். முழங்கையைக் கமராவை நோக்கி நீட்டவிட்டால் கை பாதியில் அறுந்ததுபோல வரும். எல்லாவற்றையும்விட, கையை "வை" என்று சொல்லாமல் ஒரு வேலை சொல்லும். காப்பை மெல்லச் சுற்றுங்கோ. மயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்குங்கோ, இன்னொருக்கால், இன்னும் மெதுவாய். வேலை பாதியில் இருக்கும்போது கமராப் பொத்தானை அமத்தும், முடிந்தபிறகு இல்லை. கூடவே மூச்சை வாயால் விடச் சொல்லும். விட்டு முடிகிற இடத்தில் தோள் ஒரு அங்குலம் இறங்கும், அதுதான் படம். "இயல்பாய் இருங்கோ" என்று மட்டும் சொல்லாதேயும். அதைக் கேட்டு இயல்பாய் இருந்தவர் ஒருவருமில்லை.

தொட்டுத் திருத்தவும் வேண்டாம். முன்னால் நீரே இருந்து காட்டும், கண்ணாடியில் பார்ப்பதுபோல அவ செய்யட்டும். ஒரு நேரத்தில் ஒரு சொல். முதல் கால் மணித்தியாலம் உடுத்த உடுப்போடே கதிரையில் இருத்தி எடும். அந்தப் படங்கள் உதவாது, ஆனால் கமராச் சத்தம் பழகும்.

தகரக் கூரை வீடென்றால் காலை பத்துக்குள் முடிக்கப் பாரும்; பிறகு வேர்வையில் முகம் மினுங்கும். பல்பை அணைத்து யன்னல் வெளிச்சம் மட்டும். சுவர் பச்சை என்றால் தோலும் பச்சை அடிக்கும், வெள்ளை பெட்ஷீற்றைக் கட்டி மறையும். இன்னொன்று, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: உள்பாவாடை நாடாவின் தழும்பு. அது மறைய ஒரு மணித்தியாலமாவது வேண்டும். அன்று காலை தளர்ந்த நைற்றியோடு இருக்கச் சொல்லும்.

விலையைப் பிறகு பேசுவோம். அதற்கு முன் ஒரு கேள்வி: அந்தப் படத்தை எனக்கு அனுப்புவதற்கு அவவிடம் கேட்டீரா? கேட்கவில்லை, கடிதமே சொல்கிறது. பார்த்ததும் அழித்துவிட்டேன். உம்முடைய போன் படங்களைத் தானாகவே கூகிளுக்கு ஏற்றுகிறதா என்று பாரும், நிறுத்தும். அண்ணாவும் வேலை செய்கிற கணினியில் போடாதேயும். கடையில் பிரின்ற் குடுக்காதேயும். மெமரி காட்டை ஃபோமற் பண்ணினால் அழியும் என்று நினைத்திருப்பீர். அழியாது, மீட்கிற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. இந்த வேலைக்கென்று தனிக் காட் வைத்து, படங்களைக் குடுத்த பிறகு ஃபோமற் பண்ணி, அது நிறையும்வரை சுவரையோ வானத்தையோ வீடியோ எடும், பழையதன்மேல் அது எழுதப்பட்டுவிடும்.

இன்றைக்கே அவவுக்கு ரெலிபோன் எடுத்து, இப்படி அனுப்பிவிட்டேன் என்று சொல்லும். திட்டினால் கேளும். திரும்ப எடுத்துத் தாறன் என்று சொல்லிப் பாரும்; வந்தால், காசு வாங்காதேயும்.