நாரி நோவோடு வீட்டில் யோகா தொடங்குவது பற்றி

அக்கா, கிளிநொச்சியில் தையல் வேலை, நாள் முழுக்க மெசினில் குனிந்திருந்து நாரி பிடிக்கிறது, வீடியோவைப் பார்த்துக் குனிந்தால் கை முழங்காலோடு நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். கால்விரலைத் தொடுவதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். குனிந்தே கிடக்கும் உடம்பை இன்னும் ஏன் குனிய வைக்க வேண்டும்?

முதலில் பூனை நிலை, மார்ஜாரி ஆசனம் என்பார்கள். கையும் முழங்காலும் ஊன்றி, மூச்சை இழுக்கும்போது நாரியை மெல்லக் கீழே இறக்கி நெஞ்சை முன்னே கொண்டுவாருங்கள். விடும்போது முதுகை மேலே வளையுங்கள். ஐந்தாறு தரம் போதும். சீமெந்துத் தரையில் முழங்கால் நோகும், துவாயை மடித்து வையுங்கள். அப்புறம் குப்புறப் படுத்து, நெஞ்சை மெல்ல உயர்த்தும் புஜங்காசனம், பாம்பு நிலை என்பார்கள். வீடியோவில் வருவதுபோல் கையை முழுதாக நிமிர்த்த வேண்டாம், முழங்கை தரையிலேயே இருக்கட்டும். கடைசியில் சவாசனம், மல்லாந்து படுத்து அசையாமல் உடம்பைத் தளர விடுவது. அதைத்தான் பலர் வெட்டிவிடுகிறார்கள்.

யோகா மேட் வாங்கத் தேவையில்லை, வீட்டுப் பன்பாய் காணும். நின்று செய்வதை மட்டும் வெறுந்தரையில் செய்யுங்கள், பாய் வழுக்கும். விடிய, வெயில் ஏறமுதல், வெறும் வயிற்றில் நல்லது. பின்னேரம் என்றால் சோறு சாப்பிட்டு மூன்று மணித்தியாலமாவது போகட்டும்.

பிரஷருக்குக் குளிசை எடுப்பதாகவும் சொன்னீர்கள். தலைகீழ் நிலைகளும் மூச்சை அடக்குவதும் வேண்டாம். நோ காலுக்கு இறங்கினாலோ கால் விறைத்தாலோ நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். சரி, தைக்கும்போது அரைமணிக்கு ஒருக்காலாவது எழும்பி நிற்கிறீர்களா?