தோல் வைத்தியம் எப்படித் தனித்துறையானது? தோல் வைத்தியர் ஒருவரின் பதில்கள்

கல்லடி வாசகர்: டொக்டர், தோலுக்கென்று தனி வைத்தியர்கள் எப்போது வந்தார்கள்?

1572இலேயே இத்தாலியில் மெர்க்குரியாலே தோல் நோய்களைப் பற்றித் தனி நூல் எழுதிவிட்டார். ஆனால் துறை என்று சொல்லத்தக்கது பாரிஸில் தொடங்கியது. அங்கே 1801இல் சென் லூயி ஆஸ்பத்திரி தோல் நோய்க்கென்று ஒதுக்கப்பட்டது, அலிபேர் அங்கே கற்பித்தார். அதே காலத்தில் லண்டனில் வில்லன், கண்ணுக்குத் தெரிவதை வைத்தே நோய்களை எட்டு வகையாகப் பிரித்தார்: பரு, செதில், நீர்க்கொப்புளம், சீழ்க்கொப்புளம் என்று போகும். இன்றைக்கும் கிளினிக் கொப்பியில் நான் முதலில் எழுதுவது இதைத்தான்.

ஏறாவூர் வாசகி: சொறி வந்தால் ரத்தம் கெட்டுப்போச்சு என்று உம்மா சொல்வா. சரியா?

ஐரோப்பாவின் பெரிய வைத்தியர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பினார்கள். 1687இல் பொனோமோ நுணுக்குக்காட்டியில் சொறிப்பூச்சியைப் பார்த்து எழுதினார், அது எடுபடவில்லை. 1834இல் ரெனூச்சி என்ற கோர்சிகத் தீவு மாணவர், பாரிஸ் வைத்தியர்கள் முன்னிலையில் ஊசி நுனியால் பூச்சியை எடுத்துக் காட்டினார். அந்த வித்தையை அவர் ஊர்ப் பெண்களிடம்தான் பார்த்திருந்தார்! அப்புறம் வியன்னாவில் ஹெப்ரா தன் தோலிலேயே பூச்சியை விட்டுப் பார்த்து, கடிக்குக் காரணம் அதுதான், அதைக் கொன்றால் நோய் தீரும் என்று நிறுவினார். ஆகவே ரத்தத்தில் பழுதில்லை. வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே இரவில் மருந்து பூசவேண்டும், இல்லையென்றால் சுற்றிச் சுற்றி வரும்.

வாழைச்சேனை வாசகர்: முன்பு ஏன் தொழுநோயாளிகளை மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவில் கொண்டுபோய் வைத்தார்கள்?

மருந்து இல்லாததால். நோர்வேயில் ஹான்சன் 1873இல் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். பரம்பரை நோயல்ல, தொற்று என்பது தெளிவானது. ஆனால் கொல்ல மருந்தில்லை. பிரித்து வைப்பதே வழி என்று உலகம் நினைத்தது. கொழும்புக்கு அருகே ஹெந்தளையில் ஒல்லாந்தர் காலத்திலேயே அப்படியொரு ஆஸ்பத்திரி இருந்தது. நம் வாவி நடுவில் பெற்ற பிள்ளைகளைப் பிரிந்து கிடந்தவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பொறுக்காது. 1981இல் உலக சுகாதார அமைப்பு கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. ஆறு மாதம் அல்லது ஒரு வருடக் குளிசையில் குணமாகும், மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே தொற்றும் நின்றுவிடும். கிழக்கில் இன்னும் புதிய நோயாளிகள் வருகிறார்கள். வெளிறிய, உணர்ச்சி குறைந்த தேமல் கண்டால் தாமதிக்காமல் வாருங்கள். மருந்து இலவசம்.

அக்கரைப்பற்று வாசகர்: இந்திய டொக்டர்களின் பலகையில் தோலும் பாலியல் நோயும் சேர்ந்திருக்கிறதே?

சிபிலிசு என்ற பாலியல் நோய் எந்தத் தோல் நோயையும் போலத் தோன்றும், அதனால் பழைய தோல் வைத்தியர்களே அதையும் பார்த்தார்கள். நம் நாட்டில் இரண்டும் தனித்தனித் துறை.

கல்முனை வாசகி: படர்தாமரைக்குப் பாமசியில் ஒரு கிறீம் வாங்கினேன். முதலில் குறைந்தது, இப்போது வயிறு முழுக்கப் பரவிவிட்டது.

பெரும்பாலும் அதில் அழற்சியை அடக்கும் ஸ்டீரோய்ட் மருந்து இருக்கும். 1952இல் நியூயோர்க்கில் சல்ஸ்பேர்கர், விற்றன் இருவரும் ஹைட்ரோகோர்டிசோன் என்ற ஸ்டீரோய்ட் பூச்சின் பலனை வெளியிட்டது எக்ஸிமாக்காரருக்குப் பெரிய விடிவு. ஆனால் படர்தாமரை பங்கசு என்ற பூஞ்சையால் வருவது. அதற்கு ஸ்டீரோய்டைப் பூசினால் சிவப்பும் கடியும் அடங்கும், பங்கசு உள்ளே வளரும். பூசுவதை நிறுத்திவிட்டு, அந்த டியூப்பையும் எடுத்துக்கொண்டு தோல் கிளினிக்குக்கு வாருங்கள்.