முன்பணத்துக்கு அம்மா வீடு

கேள்வி: நானும் மனைவியும் நகரின் மையத்தில் வேலை பார்க்கிறோம். வாடகை வீடு, நான்கு வயதில் ஒரு மகள். நகரத்துக்கு வெளியே ஒரு புறநகரில் புதுக் குடியிருப்பு கட்டுகிறார்கள். இங்கே சொல்லும் விலையில் பாதிதான். ரயில் பாதை வரப்போகிறது, ஐந்து வருடத்தில் விலை இரட்டிப்பாகும் என்கிறார்கள். அலுவலகத்துக்குப் போக ஒன்றேகால் மணி நேரம் ஆகும். முன்பணத்துக்கு அம்மாவின் வீட்டை விற்றுவிடலாம். அவர் எங்களோடு வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வார். குடியிருக்கவும் ஆச்சு, முதலீடும் ஆச்சு. வாங்கலாமா?

பதில்: தம்பி, விலை, ரயில், பயண நேரம் எல்லாவற்றையும் விசாரித்து எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் வீட்டை மட்டும் ஒரே வரியில் விற்றுவிட்டீர்கள். அவரிடம் கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

இதே மாதிரிக் கடிதங்கள் பல வருடங்களாக வருகின்றன. சில சமயம் அந்த அம்மாக்களே எழுதுகிறார்கள், குடிபோன பிறகு. காலை ஏழு மணிக்கு மகனும் மருமகளும் கிளம்பிவிடுகிறார்கள். முதலீட்டுக்காக வாங்கிப் போட்ட பக்கத்து வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. மருந்துக் கடைக்குப் போக வண்டி வேண்டும், அவருக்கு ஓட்டத் தெரியாது. மதியம் பேத்திக்குக் காய்ச்சல் வந்தால் போனைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் வந்துசேரும் வரை ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். பழைய வீட்டில் கூப்பிட்டால் ஓடிவர ஆள் இருந்தது.

புறநகரில் வீடு ஏன் மலிவு? வேலை இருக்கும் இடத்திலிருந்து தள்ளிப்போகப் போக, பயணத்துக்கு ஆகும் காசையும் நேரத்தையும் கழித்துக்கொண்டுதான் நிலத்துக்கு விலை வைக்கிறார்கள். வில்லியம் அலோன்சோ என்ற பொருளாதார அறிஞர் 1960-களிலேயே இதை விளக்கியிருக்கிறார். மீதிப் பாதி விலையைத் தினமும் சாலையில் கட்டப்போகிறீர்கள். போக வர இரண்டரை மணி நேரம். வருடத்துக்கு 250 வேலை நாள் என்றால் 625 மணி நேரம், அதாவது இரவு பகலாக 26 நாள். உங்கள் மனைவிக்கும் அதே 26. புருனோ ஃப்ரை, அலாய்ஸ் ஸ்டட்சர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியில் ஆராய்ந்தபோது, பயண நேரம் கூடக் கூட மனிதர்களின் வாழ்க்கைத் திருப்தி குறைவதையே கண்டார்கள். மலிவான வீடோ கூடுதல் சம்பளமோ அதை ஈடுகட்டவில்லை. நீங்கள் வீட்டில் இல்லாத அத்தனை மணி நேரத்தையும் குழந்தையோடு சமாளிக்கப்போவது அம்மா. அவருடைய வீட்டையும் எடுத்துக்கொண்டு, உழைப்பையும் எடுத்துக்கொண்டு, அதற்கு முதலீடு என்று பெயர் வைக்காதீர்கள். பெற்றவளுக்குச் செய்ய வேண்டிய வயதில் அவரிடமே கை நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரயில் வருகிறது என்ற அறிவிப்பு வேறு. நிதி ஒதுக்கி, டெண்டர் விட்டு, வேலை தொடங்குவது வேறு. எது நடந்திருக்கிறது என்று பாருங்கள். ரயில் பேச்சு கிளம்பியதுமே விலையில் கொஞ்சத்தை ஏற்றியிருப்பார்கள். சுற்றிலும் காலி நிலம் கிடப்பதால் புதுக் கட்டடங்கள் வந்துகொண்டே இருக்கும். நீங்கள் விற்கப் போகும்போது உங்கள் பழைய வீடு அவற்றோடு போட்டி போட வேண்டும். வேலையும் பள்ளியும் அந்தப் பக்கமே அமைந்தவர்களுக்குப் புறநகர் நல்ல இடம்தான். உங்களுக்கு இரண்டும் அங்கே இல்லை.

அம்மா வீட்டை விற்காமல், அதே புறநகரில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். அதற்கு முன் அம்மாவை அழைத்துப் போய்க் காட்டுங்கள், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். வேலை நாளில், நீங்கள் வீடு திரும்பும் நேரத்தில், வழக்கமாகப் போகப்போகும் அதே வண்டியில் கூட்டிப் போங்கள். இரவில் திறந்திருக்கும் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று அவர் எதிரிலேயே விசாரியுங்கள். அப்புறமும் அவர் மனசார விற்கச் சம்மதித்தால், அவர் போடும் பணத்துக்கு உண்டான பங்கு பத்திரத்தில் அவர் பெயரிலேயே இருக்க வேண்டும். கடனை அடைப்பது நீங்கள் இருவரும். வேண்டாம் என்று சொன்னால் காரணம் கேட்காதீர்கள். அது அவர் வீடு.