பைக்குக்கு எந்தப் பை? மலை ஏறுகிறவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

கம்பத்தில் சீட் கவரும் தார்ப்பாயும் தைக்கிற கடை நடத்துகிறேன். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று ஏதாவது ஒரு வழியில் மலை ஏறிக் கேரளத்துக்குள் போகிறவர்கள் பிய்ந்த பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருவார்கள். தைத்து வாங்கும்போதே, இனி எந்தப் பை வாங்கலாம் என்றும் கேட்பார்கள். அந்தக் கேள்விகளில் சில இங்கே. அலுமினியப் பெட்டி, பிளாஸ்டிக் பெட்டி பற்றி நான் பேசவில்லை. மடக்கிச் சுருட்டக்கூடிய பைகள் மட்டும்தான்.

தேனியிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, ஹிமாலயன் 411 பைக் வைத்திருக்கிறேன். குமுளி, வாகமன் பக்கம் மூன்று நாள் போகிறேன், தனியாகத்தான். பின்சீட்டில் கட்டுகிற டெயில் பேக் வாங்கவா, இரண்டு பக்கமும் தொங்குகிற சேடில் பேக் வாங்கவா? எத்தனை லிட்டர்?

லிட்டரைக் கடைசியில் பார்ப்போம் தம்பி. முதலில் கொண்டுபோகிற சாமானை எல்லாம் கட்டில் மேல் பரப்புங்கள். மூன்று நாளைக்கு ஒருவருக்குத் துணிமணி, மழைக்கோட்டு, சார்ஜர், டூல்ஸ், ட்யூப் எல்லாம் சேர்த்து 40 லிட்டருக்குள் அடங்கிவிடும். 70 லிட்டர் பை வாங்கினால் 70 லிட்டருக்கும் சாமான் தேடுவோம். அது மனித சுபாவம்.

அப்புறம் எடை எங்கே உட்கார்கிறது என்று பாருங்கள். டெயில் பேக் உயரத்தில் இருக்கும். அதைப் பின் கேரியரின் கடைசி வரை தள்ளிக் கட்டினால் எடை பின்சக்கர அச்சையும் தாண்டிப் போய்விடும். அப்போது முன்சக்கரம் லேசாகும். லோயர் கேம்ப் தாண்டி ஏறும்போது, வளைவில் ஹேண்டில் சொன்ன பேச்சைக் கேட்காத மாதிரி இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். கனமான சாமான் கீழேயும் முன்னால் தள்ளியும், லேசான சாமான் மேலேயும் பின்னாலும் இருக்க வேண்டும். டூல்ஸும் ட்யூபும் டெயில் பேக்கில் போனால் எடுக்க வசதி, ஓட்ட வசதி இல்லை.

உங்கள் தேவைக்கு ஒரு சின்ன டெயில் பேக் போதும். அதைப் பின்சீட்டின் மேலேயே, உங்கள் முதுகை ஒட்டினாற்போல் கட்டுங்கள். சேடில் பேக்தான் வேண்டும் என்றால் சேடில் ஸ்டே என்கிற கம்பியையும் சேர்த்து வாங்குங்கள். அது இல்லாவிட்டால் பை உள்பக்கம் சாய்ந்து டயரில் உரசும். வீட்டு வாசலில் வண்டி நிற்கும்போது பைக்கும் டயருக்கும் நடுவில் இடம் நிறையத் தெரியும். ஆள் உட்கார்ந்து குழியில் விழும்போது டயர் எவ்வளவு மேலே வரும் என்பதுதான் கணக்கு.

சின்னமனூர்: ரெயின் கவர் கொடுக்கிறார்களே, அது போதாதா? வாட்டர்ப்ரூஃப் பை விலை இரண்டு மடங்கு சொல்கிறார்கள்.

கம்பத்தில் வெயில் அடிக்கும், அதே நேரத்தில் குமுளியில் கொட்டும். ஜூன் ஒன்றாம் தேதியை ஒட்டிக் கேரளத்தில் தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் இது தினசரிக் கதை. அடிவாரத்தில் வானம் பளிச்சென்று இருப்பதால் கவர் போடாமல் ஏறிவிடுவோம். மேலே ஓரம்கட்டிக் கவர் மாட்டி முடிப்பதற்குள் பை நனைந்திருக்கும். அது போக, வேகத்தில் காற்று புகுந்து கவர் பலூன் மாதிரி உப்பும். அடிப்பக்கத்தில் தண்ணீர் தேங்கினால் பை அதிலேயே ஊறும்.

துணிப் பைக்கு உள்பக்கம் ரசாயனப் பூச்சு இருக்கும்தான். ஆனால் தைக்கும்போது ஊசி இறங்கிய இடமெல்லாம் ஓட்டை. அந்தத் தையல் மேல் உள்பக்கமாக டேப் ஒட்டியிருந்தால் ஓரளவு தாங்கும். டேப் இல்லாத பைக்கு வாட்டர்ப்ரூஃப் என்று பெயர் வைத்தால் அது பெயர்தான். ஜிப்பும் அப்படியே. ரப்பர் பூசிய ஜிப் சாரலைத் தாங்கும், அடைமழைக்கு ஆகாது.

உண்மையில் நனையாதது, பி.வி.சி. அல்லது டி.பி.யு. என்கிற பிளாஸ்டிக் தாளைத் தைக்காமல் சூடுவைத்து ஒட்டிய பை. வாயைச் சுருட்டிப் பக்கிள் போடுகிற வகை. குறைந்தது மூன்று சுற்றாவது சுருட்ட வேண்டும். மூன்று சுற்று வராத அளவுக்குத் திணித்தால் அந்தப் பையும் ஒழுகும். வாங்கியவுடன் காலிப் பையில் காற்றடைத்துச் சுருட்டி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பாருங்கள். பங்க்சர் கடையில் ட்யூபைப் பார்க்கிற அதே சோதனை. குமிழி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு மடங்கு விலை கட்டாயம் இல்லை. சாதாரணப் பையே வாங்கி, உள்ளே தடிமனான பாலிதீன் பை ஒன்றைப் போட்டு, அதன் வாயைச் சுருட்டிக் கட்டுங்கள். துணி நனையாது. வெளிப்பை நனைந்தால் நனையட்டும். உரச்சாக்குக்குள் வருகிற பிளாஸ்டிக்கை மட்டும் எடுக்க வேண்டாம், கழுவினாலும் நெடி போகாது.

கூடலூர்: 600 டெனியர், 1000 டெனியர், 1680 டெனியர் என்று போட்டிருக்கிறார்கள். பெரிய எண்ணாகப் பார்த்து வாங்கினால் சரிதானே?

டெனியர் என்பது நூலின் தடிமனைச் சொல்கிற அளவு. 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 1000 டெனியர் என்றால் 9 கிலோமீட்டர் நூல் ஒரு கிலோ. நூல் தடிமனாக இருந்தால் உரசலைத் தாங்கும், அது வரைக்கும் சரி. ஆனால் நைலானா பாலியஸ்டரா என்பதைப் பொறுத்தும் வித்தியாசம் இருக்கிறது. ஒரே தடிமனில் நைலான் உரசலுக்கு நன்றாக நிற்கும், பாலியஸ்டர் வெயிலுக்கு நன்றாக நிற்கும்.

என் கடைக்கு வருகிற பைகளில் துணி கிழிந்து வருவது குறைவு. வார் பிடுங்கிக்கொண்டு வருவதுதான் அதிகம். ஆகவே கடையில் பையை வாங்குமுன் உள்புறத்தை வெளியே திருப்பிப் பாருங்கள். வார் பையோடு சேர்கிற இடத்தில் சதுரமாகத் தைத்து, அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி போட்டிருக்க வேண்டும். பின்னால் ஒரு துண்டுத் துணி கூடுதலாக வைத்துத் தைத்திருந்தால் இன்னும் நல்லது. வெறுமனே ஒரு நேர்த்தையல் ஓடியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள், அது 1680 டெனியராகவே இருந்தாலும் சரி. துணி ஓரங்கள் பிசிறாமல் நாடா வைத்து மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். நூல் பருத்தியாக இருந்தால் மழையில் ஊறி ஒரே பருவத்தில் இற்றுவிடும். ஒரு நுனியை நெருப்பில் காட்டினால் தெரியும். பருத்தி சாம்பலாகும், நைலானும் பாலியஸ்டரும் உருகி உருண்டையாகும். கடைக்காரர் முன்னால் தீப்பெட்டி எடுக்க வேண்டாம், வீட்டில் பாருங்கள்.

போடியிலிருந்து ஏலக்காய்த் தரகர் ஒருவர்: கேரளத்தில் இருக்கிற புத்தடி ஏல மையத்துக்கும் போடி ஏல மையத்துக்குமாக அலைகிறேன். ஸ்ப்ளெண்டரில் சாம்பிள் பாக்கெட்டுகளோடு போடிமெட்டு ஏறி இறங்க வேண்டும். எந்தப் பை சரி?

உங்களுக்கு நனையாத பை மட்டும் போதாது, வாடை இல்லாத பையும் வேண்டும். ஏலக்காய் ஈரத்தையும் இழுக்கும், பக்கத்தில் இருக்கிற வாடையையும் இழுக்கும். புதுப் பி.வி.சி. பையைப் பிரித்தவுடன் ஒரு நெடி அடிக்கும் பாருங்கள், அது 8 எம்.எம். பருமனுள்ள நல்ல காயில் ஏறினால் முகர்ந்து பார்க்கிற வியாபாரி முகம் சுளிப்பார். அந்த மாதிரிப் பை வாங்கினால் வாயைத் திறந்து நிழலில் ஒரு வாரமாவது காற்றாட விடுங்கள். முடிந்தால் நைலானில் டி.பி.யு. பூசிய பை வாங்குங்கள், நெடி குறைவு.

பையைவிட அடுக்குகிற விதம் முக்கியம். பாக்கெட்டுகளை இறுக்கமான மூடி உள்ள எவர்சில்வர் டப்பாவில் வைத்து, டப்பாவைப் பைக்குள் வையுங்கள். வெறும் பையில் போட்டு வாரை இறுக்கினால் காய் வெடித்துவிடும், நிறம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தரம் போச்சு. நனைந்த மழைக்கோட்டை அதே பையில் திணிக்கவே கூடாது. வாய் சுருட்டிய பை வெளியே உள்ள ஈரத்தை உள்ளே விடாது, உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியேயும் விடாது. கோட்டை வெளியே வாரில் செருகிக்கொள்ளுங்கள். செயின் ஸ்ப்ரே, ஆயில் டப்பாவை டூல் பெட்டிக்கு அனுப்பிவிடுங்கள்.

ஸ்ப்ளெண்டரில் இடது பக்கம் சாரி கார்டு இருக்கிறது, பை சாய்ந்து நிற்க அதுவே தாங்கல். அழகில்லை என்று பலர் கழற்றிவிடுகிறார்கள். இந்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வலது பக்கம் சைலன்சர் இருப்பதால், ஒரே பைதான் என்றால் இடது பக்கத்திலேயே மாட்டுங்கள்.

உத்தமபாளையம்: சைலன்சர் பட்டுப் பை உருகிவிட்டது. எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்?

நான்கு விரல் இடைவெளி விடுங்கள். பையில் முழுச் சாமானும் போட்டபின் அளக்க வேண்டும், காலிப் பையை வைத்து அளந்து பயனில்லை. கனம் ஏறினால் பை தொங்கும், குழியில் இன்னும் ஆடும். நைலான் உருக 200 டிகிரிக்கு மேல் வேண்டும். பி.வி.சி. 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். ஆகவே நனையாத பைதான் சூட்டுக்குச் சீக்கிரம் போகும். இடைவெளி கிடைக்காவிட்டால் நடுவில் ஒரு அலுமினியத் தகடு, அதுவும் பையைத் தொடாமல்.

கட்டப்பனையில் வேலை பார்க்கிற செவிலியர் ஒருவர்: அண்ணே, ஆக்டிவாவில்தான் கம்பம்மெட்டு வழியாக வாராவாரம் ஊருக்கு வருகிறேன். காலடியில் பை வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன், தப்பா?

பை சின்னதாக இருந்து, பாதம் இரண்டும் முழுசாகப் பலகையில் பதிந்தால் தப்பில்லைம்மா. பை இருக்கிறதென்று கால் வெளியே நீட்டிக்கொண்டு வருவதுதான் ஆபத்து, வளைவில் உடனே காலை ஊன்றவும் முடியாது. பின்சீட்டில் 20 லிட்டர் டெயில் பேக் ஒன்றைக் கட்டிவிட்டால் பலகை காலி. சீட்டுக்கு அடியில் இன்ஜின் சூடு ஏறும். அங்கே மருந்தும் சாப்பாடும் வைக்காதீர்கள்.

கம்பம்: கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு இருக்கும்போது இந்தப் பட்டை வார் எல்லாம் எதற்கு?

கொக்கி ஒருமுறை கை நழுவி முகத்துக்கு வந்தால் தெரியும். கண்ணுக்குத்தான் முதல் ஆபத்து. ஓட்டும்போது கழன்றால் செயினிலோ சக்கரத்திலோ சுற்றும். எலாஸ்டிக் நீளும் என்பதால் பை ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். பட்டை வாரை பக்கிளில் இறுக்கி, மிச்ச நுனியை மடித்துச் செருகுங்கள். தொங்கவிடக் கூடாது.

நம் எக்ஸ்.எல். வண்டிக்காரர்கள் பழைய ட்யூபை நீளமாக வெட்டி மூட்டை கட்டுகிறார்களே, அதைக் கிண்டல் செய்யாதீர்கள். கொக்கி இல்லை, வழுக்காது, காசும் இல்லை. கடையில் விற்கிற கயிற்றைவிட அதை நான் நம்புவேன்.

பாளையத்திலிருந்து ஒரு சாமி: இருமுடியோடு பைக்கில் வண்டிப்பெரியார், முண்டக்கயம், எருமேலி வழியாகப் போகிறோம். இரண்டு பேர். எங்கே வைப்பது?

சாமி, பக்கப் பை இரண்டும் துணிக்கு, இருமுடிக்குத் தனிப் பை. துவைத்த துணி விரித்து நிமிர்த்தி வையுங்கள். அதன் மேல் வேறு எதையும் ஏற்ற வேண்டாம், வாரும் முடியின் மேல் போகாமல் பையின் மேல் போகட்டும். நெய்த்தேங்காயை மறக்காதீர்கள். சூடு பட்டால் நெய் இளகும், தக்கை கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் கசியும். எனவே சைலன்சர் பக்கம் ஆகவே ஆகாது. பின்னால் உட்காருகிற சாமி மடியில் வைத்துக்கொள்வதைவிட, முதுகில் மாட்டிக்கொள்வது நல்லது, இரண்டு கையும் பிடிக்கக் கிடைக்கும். இன்னொன்று, இருவரும் சாமானும் ஏறினால் பின் டயர் காற்றை இரட்டை ஆள் அளவுக்கு ஏற்றுங்கள், பின் ஷாக்கின் பிரீலோடையும், அதாவது ஸ்பிரிங்கின் இறுக்கத்தையும், கூட்டுங்கள். அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும்.

நிலக்கல்லில் வண்டியை விடுவதானால், பையைக் கழற்றி எடுத்துப் போக வேண்டும். முடிச்சுப் போட்டுக் கட்டினால் அங்கே நின்று திணறுவீர்கள். பக்கிளில் கழல்கிற வகையாக இருக்கட்டும்.

கம்பம்மெட்டு: செக்போஸ்ட்டில் பையால் தொந்தரவு வருமா?

கலால் சோதனையில் திறக்கச் சொன்னால் திறக்க வேண்டியதுதான். மேலே துணி, அடியில் சாமான் என்று கலந்து திணித்திருந்தால் மழையில் எல்லாவற்றையும் ரோட்டில் கொட்ட வேண்டிவரும். பை பையாகப் பிரித்து வையுங்கள். நம்பர் பிளேட், பிரேக் லைட், இண்டிகேட்டர் மூன்றையும் பை மறைக்கக் கூடாது. 2023 ஜூன் முதல் கேரளத்தில் கேமரா பார்த்தே அபராதம் வருகிறது, பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் வேண்டும்.

தேவாரம்: பெட்ரோல் டேங்க் மேல் ஒட்டுகிற, காந்தம் வைத்த டேங்க் பேக் வாங்கலாமா?

இரும்பு டேங்க் என்றால் ஒட்டும். பிளாஸ்டிக் மூடி போட்ட டேங்கில் ஒட்டாது, வார் வகைதான். ஒரு காந்தத்தைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வைக்குமுன் டேங்க்கைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மணல் பெயிண்டைத் தேய்த்துவிடும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பாருங்கள், ஹாரன் பொத்தானைப் பை அமுக்கக் கூடாது.

ஆண்டிப்பட்டி: உள்நாட்டுப் பை வாங்கலாமா, வெளிநாட்டுப் பையா?

பெங்களூரு வியாடெர்ரா, மும்பை ரைனாக்ஸ் போன்ற நம் ஊர்க் கம்பெனிகளே இந்த வேலைக்குப் போதும். வெளிநாட்டுப் பைக்குக் கொடுக்கிற மீதிப் பணத்தில் நல்ல டயர் மாட்டலாம்.

கம்பத்திலேயே இன்னொருவர்: பக்கிள் உடைந்துவிட்டது. பையை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். வாரின் அகலத்தை அளந்துகொண்டு வாருங்கள், பெரும்பாலும் 25 மி.மீ. அல்லது 38 மி.மீ. ஆக இருக்கும். பள்ளிக்கூடப் பை தைக்கிற கடைகளிலேயே கிடைக்கும். இரண்டாக வாங்கி ஒன்றை டூல்ஸோடு போட்டு வையுங்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்த ஜோடியாகவே வாங்குங்கள், வேறு வேறு கம்பெனிப் பாதிகள் ஒன்றோடொன்று பூட்டாது.