வரால் முட்டையிடும் நேரம்: கரையில் நின்றே கண்டுபிடிப்பது எப்படி? கேள்வி பதில்

குளத்து வரால் ஆழம் குறைந்த தண்ணீருக்கு வந்து முட்டையிடுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சின்ன வயதிலிருந்து குளத்தங்கரையிலேயே கிடப்பவன் என்பதால் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். கடல்மீன் சந்தேகங்களுக்கு முட்டத்திலும் குளச்சலிலும் என்னைவிட விவரமானவர்கள் இருக்கிறார்கள்.

பூதப்பாண்டியிலிருந்து: அண்ணாச்சி, வரால் முட்டையிட்டதற்கு முதல் அடையாளம் சிவப்புக் குஞ்சு தெரிவதுதானே?

இல்லை. சிவப்புக் குஞ்சு தெரிகிறது என்றால் பாதி கதை முடிந்துவிட்டது. முட்டையிட்டு, பொரித்து, மஞ்சள்கரு கரைந்து, அப்புறம்தான் அந்த நிறம் ஏறிப் பந்தாகத் திரண்டு வரும். முதல் அடையாளம் அதற்கு எத்தனையோ நாள் முன்னால் இருக்கிறது.

முதலில் ஜோடி. சாதாரண நாளில் வரால் தனியாகத் திரியும். மழை பெய்து தண்ணீர் புதுசாக ஏறியதும், கரையோரம் முழங்கால் முதல் இடுப்பு வரை ஆழமுள்ள கோரை ஓரத்தில் இரண்டு மீன் அடுத்தடுத்து மேலே வந்து காற்றுக் குடிக்கும். ஒன்று வந்து போன இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று வரும். ஒரே இடத்தில் இரண்டு நாள் காலையில் இப்படிப் பார்த்தால் அந்த இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பாசி. காற்றும் ஓட்டமும் இல்லாத மூலையில், செடிகளுக்கு நடுவே ஒரு சுளகு அகலத்துக்கு வட்டமாக வெளுத்த இடம் தெரியும். காற்று ஒதுக்கிய இடம் என்றால் ஓரம் கலைந்து கிடக்கும். வரால் ஒதுக்கிய இடத்தில் ஓரத்துத் தண்டுகளைப் பாருங்கள்: வாயால் கடித்துத் துண்டித்த நுனிகள் சுற்றிலும் நிற்கும், துண்டான இலைகள் ஒரு பக்கமாக ஒதுங்கி மிதக்கும்.

விடிந்து வெயில் ஏறும் முன் அந்த வட்டத்தில் தேன் நிறத்தில் ஒரு ஏடு படர்ந்திருந்தால் அதுதான் முட்டை. ஒவ்வொன்றும் கடுகைவிடச் சின்னது. உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் இருப்பதால் தண்ணீரில் தாழாது. வெப்பத்தைப் பொறுத்து ஒரு நாளிலோ ஒன்றரை நாளிலோ பொரித்துவிடும். அதனால் நேற்றுப் பார்த்த ஏட்டை இன்று காணவில்லையே என்று பதறாதீர்கள்.

ஒன்று மட்டும் கேளுங்கள்: பார்க்கிறேன் என்று தண்ணீரில் இறங்காதீர்கள். கால் வைத்த அலையிலேயே அந்த ஏடு சிதறிச் செடிக்குள் சொருகிவிடும்.

இரணியலிலிருந்து: எந்த மாதத்தில் பார்க்கலாம்?

மாதத்தைவிட மழையைக் கணக்கு வையுங்கள். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) ஒன்று, ஐப்பசி கார்த்திகை மழை இன்னொன்று. வறண்ட குளத்தில் புதுத்தண்ணீர் ஏறி, கரைப்புல் மூழ்கி, கலங்கல் கொஞ்சம் தெளியும் நாட்கள்தான் நல்ல நாட்கள். அணை திறந்து சானலில் தண்ணீர் வந்து குளம் ஏறினாலும் கரையோரம் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

திருவட்டாறிலிருந்து: எங்கள் வீட்டுப் பக்கத்துக் குளத்தில் கண்ணாடிக் கூழ் மாதிரி முட்டைகள் மிதக்கின்றன. வராலா?

தவளை. கூழ் உறை இருந்தால் வரால் இல்லை. அதுவே நீளமான சரமாகச் செடியில் சுற்றிக் கிடந்தால் தேரை. வரால் முட்டை தனித்தனி மணியாக மிதக்கும்.

சுங்கான்கடையிலிருந்து: குளம் வற்றியபோது கரையோரத் தரையில் வட்ட வட்டமாக, சட்டி கவிழ்த்த அளவில் இருபது முப்பது குழிகள் பார்த்தேன். வரால் கூடுதானே?

அது சிலேபி. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன். ஆண் மீன் வாயால் மண்ணை அள்ளித் துப்பிக் குழி தோண்டும். பெண் அதில் முட்டையிட்டு, உடனே வாய்க்குள் எடுத்துக்கொண்டு போய்விடும். அதனால் குழியைத் துழாவினாலும் முட்டை கிடைக்காது. வரால் தரையைத் தோண்டுவதில்லை, தண்ணீர் மட்டத்தில்தான் இடத்தை ஒதுக்கும். குழி சிலேபிக்கு, செடி நடுவே வட்டம் வராலுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குலசேகரத்திலிருந்து: வரால் முட்டையிடுவது எந்த மாதம் அண்ணாச்சி?

இரணியல்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

கருங்கல்லிலிருந்து: மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே பாஸ் என்ற மீன் கரையோரத்தில் கூடு கட்டுவதைக் காணொளியில் காட்டினான். நம் வராலும் அதே இனமா?

இனம் வேறு, உறவே கிடையாது. ஆனால் குணத்தில் ஒரு ஒற்றுமை உண்டு, இரண்டும் காவல் நிற்கும். பெரியவாய் பாஸில் ஆண் வாலால் அடித்துத் தரையைத் துப்புரவாக்கும். மேலிருந்து பார்த்தால் வெளுத்த வட்டம் தெரியும். முட்டை தாழ்ந்து கல்லில் ஒட்டும், ஆண் தனியாகக் காவல் காக்கும். குளிர்காலம் முடிந்து தண்ணீர் 15 முதல் 18 டிகிரிக்குச் சூடாகும்போது அங்கே அது தொடங்கும். நம் குளம் அந்த அளவுக்குக் குளிர்வதே இல்லை. அங்கே தெர்மாமீட்டரைப் பார்க்கிறார்கள், நாம் மழையைப் பார்க்கிறோம். மகனிடம் போலரைஸ்டு கண்ணாடி ஒன்று வாங்கி வரச் சொல்லுங்கள். தண்ணீர் மேல் அடிக்கும் வெளிச்சத்தை அறுத்துவிடும், கரையில் நின்றே உள்ளே பார்க்கலாம்.

ஆரல்வாய்மொழியிலிருந்து: குஞ்சு தெரிந்த இடத்தில் தவளை கோர்த்துத் தூண்டில் போட்டால் பெரிய வரால் உடனே பாய்ந்து கடிக்கும். தாத்தா காலத்து வழக்கம் இது. தப்பென்று சொல்வீர்களா?

தப்பென்றுதான் சொல்வேன். அது பசிக்குக் கடிப்பதில்லை. குஞ்சுக்குப் பக்கத்தில் வந்ததை விரட்டக் கடிக்கிறது. வேறு நாளில் எத்தனை தவளை போட்டாலும் திரும்பிப் பார்க்காத மீன் அன்றைக்கு மட்டும் ஏன் பாய்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

வடசேரியிலிருந்து: அண்ணாச்சி, நான் விட்டுவிட்டால் அடுத்தவன் பிடிப்பான். நாட்டு வராலுக்கு சந்தையில் நல்ல விலை. குத்தகைப் பணம் கட்டியவனுக்கு என்ன சொல்கிறீர்கள்?

அவர் கஷ்டம் எனக்குத் தெரியும். குத்தகைக்காரர் கணக்குப் பார்க்காமல் முடியாது. ஆனால் அதே கணக்கில் இதையும் சேருங்கள். என் பத்து வயதில் மாமா ஒருவர் இப்படித்தான் காவல் நின்ற ஒரு வராலைப் பிடித்தார். முழங்கை நீளம் இருக்கும். நான் கரையில் உட்கார்ந்து குஞ்சுப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அது அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் ஓரத்திலிருந்து சிலேபிகள் நுழைந்தன. பந்து இரண்டாகப் பிரிந்தது, நாலாகப் பிரிந்தது. ஒரு மீன்கொத்தி மூன்று முறை விழுந்து எழுந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது கோரைக்குள் நாலைந்து சிவப்புப் புள்ளிகள்தான் மிச்சம். ஒரு கூட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒரு வராலின் விலைக்கு அத்தனையும் போனது. அடுத்த வருடம் குளத்தில் மீன் இல்லை என்று அதே மாமாதான் வருத்தப்பட்டார்.

தோவாளையிலிருந்து: நான் குளத்தில் தாமரைப்பூ பறிப்பவள். குஞ்சோடு நிற்கும் வரால் என் காலை முட்டியிருக்கிறது. ஆரல்வாய்மொழிக்காரர் அதைப் பார்த்திருந்தால் தூண்டில் போட மாட்டார்.

நன்றி தங்கச்சி. தண்ணீரிலேயே நிற்கும் உங்களைப் போன்றவர்கள் சொன்னால்தான் எடுபடும்.

ஆரல்வாய்மொழியிலிருந்து மறுபடியும்: அப்படியென்றால் எத்தனை நாள் விட வேண்டும்? அதையாவது சொல்லுங்கள்.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், சந்தோஷம். குஞ்சின் சிவப்பு மங்கி, விரல் நீளம் வந்து, பந்து தானாகக் கலையும் வரை விடுங்கள். ஒன்றிரண்டு மாதக் கணக்கு. அப்புறம் தூண்டில் போடுங்கள், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நாம் தாய் தாய் என்று சொல்கிறோமே, தகப்பனும் கூடவே நிற்கும். ஒன்றைப் பிடித்தாலும் இன்னொன்று பார்த்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். இரண்டு பக்கமும் ஆள் வேண்டும் அந்தக் கூட்டத்துக்கு.

மணக்குடியிலிருந்து: எங்கள் காயலில் கரிமீனுக்கும் இப்படி அடையாளம் உண்டா?

உண்டு, ரொம்ப அழகாக உண்டு. ஒரு ஜோடி ஒரே கல்லையோ மூழ்கிய தென்னை மட்டையையோ திரும்பத் திரும்ப வந்து கொத்திக்கொண்டிருக்கும். இரை தேடுகிறது என்று நினைப்போம். பாசியைச் சுரண்டி இடத்தைத் துப்புரவாக்குகிறது. அங்கேதான் முட்டையை ஒரே அடுக்காக ஒட்டும். அப்புறம் இரண்டும் மாறி மாறிச் செட்டையால் விசிறிக்கொண்டே நிற்கும். பொரித்ததும் பக்கத்தில் தோண்டிய சின்னக் குழிகளுக்கு வாயால் தூக்கிப் போய் வைக்கும். மட்டை, சிரட்டை கிடக்கும் ஓரங்களை வாரித் துப்புரவாக்கும்போது முதலில் குனிந்து பாருங்கள்.

தக்கலையிலிருந்து: பிடித்த வரால் உடம்பில் சிவப்புப் புண் இருக்கிறது. சாப்பிடலாமா? முட்டையிட்டதால் வந்ததா?

முட்டையிட்டதால் வராது. சாப்பிட வேண்டாம், மற்ற குளத்துக்கும் கொண்டுபோக வேண்டாம். மீன்வளத் துறை அலுவலகத்தில் காட்டுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து: எந்த மாதம் முட்டையிடும்?

மழை பெய்து குளம் ஏறிய பிறகு. மூன்றாவது முறை சொல்கிறேன், மாதத்தை விட்டுவிட்டு வானத்தைப் பாருங்கள்.

கொட்டாரத்திலிருந்து: பார்க்க மட்டும்தான் ஆசை. எங்கே போகலாம்?

பெரிய குளங்களைவிட உங்கள் ஊர்ச் சின்னக் குளமே நல்லது, தினமும் போகலாம். தேரூர், சுசீந்திரம், வேம்பனூர் குளங்களுக்குப் போனால் கண்ணாடியோடு மட்டும் போங்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடங்கள் அவை. பறவைகளுக்கும் அதுதான் சாப்பாட்டு இடம்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு எட்டாம் வகுப்பு மாணவி: மாமா, வரால் குஞ்செல்லாம் ஒரே நேரத்தில் மேலே வந்து மழை பெய்த மாதிரித் தண்ணீர் துடிக்குதே, ஏன்?

நல்லாப் பார்த்திருக்கே மக்களே. வராலுக்குச் செவுள் மட்டும் போதாது. தலைக்குள் செவுளுக்கு மேலே சின்ன அறை இருக்கிறது, அதில் காற்றை நிரப்பித்தான் அது மூச்சு விடும். குட்டியாக இருக்கும்போது செவுளே போதும். கொஞ்சம் வளர்ந்ததும் எல்லாம் மேலே வந்து காற்றுக் குடிக்கப் பழகும். தனியாக வந்தால் கொக்குக்கு எளிது, அதனால் கூட்டமாக வரும். அடுத்த தடவை அந்தத் துடிப்பு அடங்கியதும் போய்விடாதே. ஒரு முழம் தள்ளித் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டிரு. பெரியது ஒன்று சத்தமில்லாமல் மூக்கை மட்டும் நீட்டிக் காற்றை வாங்கிவிட்டுக் கீழே போகும்.