இரண்டு விரலுக்கு ஐம்பதாயிரம்: முதலாளி நீட்டும் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் கணவருக்கு 35 வயது. கோவையில் ஒரு சின்னப் பட்டறையில் பவர் பிரஸ் (தகடை அழுத்தி வெட்டும் மெஷின்) ஓட்டுகிறார். எட்டுப் பேர்தான் வேலை செய்கிறார்கள், இஎஸ்ஐ என்கிற அரசுத் தொழிலாளர் காப்பீடு கிடையாது. மாதம் 18,000 ரூபாய், ரொக்கமாகத்தான் தருவார்கள். 2025 ஆகஸ்டில் பிரஸ்ஸில் வலது கை மாட்டி ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. முதலாளிதான் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து 62,000 ரூபாய் பில் கட்டினார். ஆனால் வீட்டில் கதவில் நசுங்கியதாகச் சொல்லச் சொன்னார், நாங்களும் பயத்தில் அப்படியே சொல்லிவிட்டோம். இப்போது 50,000 தருகிறேன், பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள், பிரஸ்ஸின் பாதுகாப்பு சென்சாரை அணைத்தது உன் வீட்டுக்காரன்தான், கேஸ் போட்டால் இதுவும் கிடைக்காது என்கிறார். இன்னொருவர் வந்து, முப்பது சதவீதம் கொடுத்தால் பெரிய தொகை வாங்கித் தருகிறேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பத்திரம். கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்றாலும் பதற வேண்டாம், ஏனென்றால் சட்டப்படி வர வேண்டிய நஷ்டஈட்டை விட்டுக்கொடுக்கிறேன், குறைத்துக்கொள்கிறேன் என்று தொழிலாளி எதில் எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. முதலாளியும் தொழிலாளியும் ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டால் அந்த ஒப்பந்தத்தைத் தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையராக இருக்கும் அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், தொகை குறைவு என்று பட்டால் அவர் பதிய மறுக்கலாம். பதியாமல் கொடுத்துவிட்டு அப்புறம் வழக்கு வந்தால், கொடுத்ததில் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ளக்கூட முதலாளிக்கு உரிமையில்லை, ஆணையராகப் பார்த்து அனுமதித்தால் தவிர. இது முதலாளிகளுக்குத் தெரியாது. அவர்களுடைய ஆடிட்டருக்கும் பல சமயம் தெரியாது.

சரி, எவ்வளவு வரும்? 1923-ஆம் ஆண்டு பணியாளர் இழப்பீட்டுச் சட்டம்தான் உங்களுக்குப் பொருந்தும், பழைய ஆட்கள் இன்னும் வொர்க்மென் காம்பன்சேஷன் என்றுதான் சொல்வார்கள். 2025 நவம்பர் 21 முதல் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது, ஆனால் உங்கள் விபத்து அதற்கு முன்னால் நடந்தது, அதனால் குழப்பிக்கொள்ள வேண்டாம். சம்பளம் 18,000 என்றாலும் கணக்குக்கு 15,000-தான் எடுப்பார்கள், 2020 ஜனவரியிலிருந்து உச்சவரம்பு அது. அதில் 60 சதவீதம் 9,000. 35 வயதுக்குச் சட்டம் வைத்திருக்கும் பெருக்கல் எண் 197.06. இரண்டையும் பெருக்கினால் 17,73,540. இது முழு ஊனத்துக்கான தொகை. ஒரே கையில் இரண்டு விரல் இழப்புக்கு அட்டவணையில் 20 சதவீதம், ஆக உங்களுக்கு 3,54,708 ரூபாய். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காததால் 12 சதவீத வட்டியும் உண்டு, வருடத்துக்கு 42,000-க்கு மேல் வரும். இழுத்தடித்ததற்கு நியாயமான காரணம் இல்லையென்றால் ஐம்பது சதவீதம் வரை அபராதமும் போடலாம். ஐம்பதாயிரம் எங்கே, இது எங்கே என்று நீங்களே பாருங்கள்.

அந்த 62,000 ரூபாய் பில்லை இதில் கழிக்க முடியாது. முதலாளிகள் முதலில் எடுக்கும் ஆயுதம் இதுதான்: “ஏற்கெனவே ஒரு லட்சத்துக்குப் பக்கம் செலவு பண்ணிட்டேன், அதைப் போக மீதிதான்” என்பார்கள். வைத்தியச் செலவு வேறு, நஷ்டஈடு வேறு என்று சட்டமே விளக்கம் எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் கையிலிருந்து கட்டிய மருந்து பில் இருந்தால் அதையும் அவர்தான் தர வேண்டும்.

20 சதவீதத்துக்கு மேல் கேட்க முடியாதா என்றால், கேட்டுப் பார்க்கலாம். முழங்கைக்கு மேல் இடது கையை இழந்த ஒரு தச்சருக்கு, ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, அதனால் இது முழு இழப்பு என்று உச்ச நீதிமன்றம் 1975-லேயே சொல்லியிருக்கிறது. வலது கையால் பிரஸ்ஸில் தகடு வைத்து எடுத்தவர் இனி அந்த வேலை பார்க்க முடியாது என்று மருத்துவர் சான்று தந்தால் கூடுதலாக வாதாட இடம் இருக்கிறது. நிச்சயம் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி அந்த சென்சார் விஷயம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் முதலாளி சொல்வதில் சட்டத்தின் ஒரு துண்டு இருக்கிறது. பாதுகாப்புக்காக வைத்தது என்று தெரிந்தே, வேண்டுமென்றே ஒரு தொழிலாளி அந்தச் சாதனத்தைக் கழற்றினாலோ மதிக்காமல் விட்டாலோ, அதனால் நடந்த விபத்துக்கு நஷ்டஈடு இல்லை. மரணத்துக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் இந்த விலக்கு கிடையாது. ஆனால் இரண்டு விரல் என்பது பகுதி ஊனம், அதனால் உங்களுக்கு எதிராக இதை அவர் எழுப்பத்தான் செய்வார். எழுப்பட்டும். கவனக்குறைவு வேறு, வேண்டுமென்றே செய்தது வேறு. தூக்கக் கலக்கம், அவசரம், ஒரு நொடி அசந்தது, இதெல்லாம் கவனக்குறைவு, அதற்காக யாரும் நஷ்டஈட்டை மறுக்க முடியாது. வேண்டுமென்றே செய்தார் என்று நிரூபிக்க வேண்டிய பாரம் முதலாளி தலையில்தான்.

சென்சாரை யார் அணைப்பார்கள் என்று பட்டறைக்குள் போய் வந்தவர்களுக்குத் தெரியும். கை குறுக்கே வந்தால் பிரஸ் இறங்காமல் நின்றுவிடும், நின்றால் உருப்படி குறையும், குறைந்தால் சூப்பர்வைசர் கத்துவார். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் இறங்கும் பிரஸ்ஸில் ஒரு பட்டனை இன்சுலேஷன் டேப் சுற்றி நிரந்தரமாக அமுக்கி வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன், டேப் அழுக்கேறிக் கறுத்துப் போயிருந்தது. விபத்து நடந்த அன்று காலையில் ஒட்டிய டேப் அப்படி இருக்காது. ஒரு வழக்கில், “ஆஃப் பண்ணிட்டு ஓட்டு, சாயங்காலம் லோடு போகணும்” என்று சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்தி ஒன்றே போதுமானதாக இருந்தது. உங்கள் வீட்டுக்காரரின் போனை உடனே பாருங்கள், எதையும் அழித்துவிடாதீர்கள். எல்லா மெஷினிலும் சென்சார் அணைந்தேதான் இருக்கும் என்று கூட வேலை பார்த்த ஒருவர் சொன்னால் போதும், முதலாளியின் வாதம் நிற்காது.

ஆஸ்பத்திரியில் வீட்டில் நடந்தது என்று பதிவானது கெட்ட காரியம்தான், மறைக்க மாட்டேன். இதைப் படிக்கிற மற்றவர்களாவது, மருத்துவர் என்ன நடந்தது என்று கேட்கும்போது பிரஸ்ஸில் மாட்டியது என்று உள்ளதைச் சொல்லுங்கள், ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடான ஏ.ஆர். காப்பியில் அப்படியே ஏறட்டும். உங்களுக்கு வழி அடைபடவில்லை. எக்ஸ்ரே, ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றுக்கும் எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள், பில் யார் கணக்கிலிருந்து கட்டப்பட்டது என்ற ரசீதையும் சேர்த்து. வீட்டுக் கதவில் நசுங்கிய விரலுக்கு முதலாளி ஏன் 62,000 கட்டினார் என்று ஆணையர் முன்னால் கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. சம்பளத்துக்கு ரசீது இல்லையென்றால் சக தொழிலாளி சாட்சி, அட்வான்ஸ் எப்போதாவது கூகுள் பேயில் வந்திருந்தால் அது, வருகை நோட்டின் போட்டோ, எது கிடைத்தாலும் சரி. ஒன்பதாயிரம்தான் கொடுத்தேன் என்று முதலாளி சொன்னால் குறைந்தபட்சக் கூலி விஷயத்தில் அவரே போய் மாட்டிக்கொள்வார்.

எட்டுப் பேர் என்பதை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். பேக்கிங் பெண்கள், கான்ட்ராக்ட் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து பத்து வந்தால் அந்த இடம் இஎஸ்ஐக்குள் வரும், உங்களுடைய சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் நஷ்டஈடு அங்கேதான், ஆணையரிடம் வழக்கு நிற்காது. முதலாளி பதிவே செய்யவில்லை என்றாலும் இஎஸ்ஐ கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஒரே ஷெட்டை மனைவி பெயரில் பாதி, தம்பி பெயரில் பாதி என்று பிரித்து எட்டு எட்டாகக் காட்டுவது பழைய தந்திரம்.

அந்த முப்பது சதவீதக்காரர். இவர்களைப் பற்றி எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்பார்கள், வெற்றுத்தாளில் நாலு கையெழுத்து வாங்குவார்கள், பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் ‘பத்திரமாக’ வைத்துக்கொள்வார்கள், அப்புறம் முதலாளியிடமே போய்ப் பேசி இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு ஒரு லட்சத்தில் முடித்துவிட்டார்கள் என்பது பணம் வந்த பிறகுதான் குடும்பத்துக்குத் தெரியும். நஷ்டஈட்டை இன்னொருவருக்கு எழுதிக் கொடுப்பதே சட்டப்படி செல்லாது. வக்கீல் வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இலவசமாகவே வைத்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம், அதாவது 2027 ஆகஸ்டுக்குள் மனு போட்டாக வேண்டும். கோவையில்தான் போட வேண்டும் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. படித்துவிட்டுச் சிரிக்கத்தான் முடியும். அதிகாரி வேறு கூட்டத்தில் இருப்பார், எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல் வரும், வாய்தா மேல் வாய்தா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். இது தெரிந்துதான் முதலாளிகள் ஐம்பதாயிரத்தை நீட்டுகிறார்கள். ஆனால் தீர்ப்பு வந்த பிறகு அவர் உயர் நீதிமன்றம் போக நினைத்தால் முழுத் தொகையையும் முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

அதற்குள் அவர் மறுபடி கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள். தொகையை ஏற்றிப் பேசினால், சரி, அதை ஆணையரிடம் கட்டிவிடுங்கள், அங்கே வந்து வாங்கிக்கொள்கிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.