ஷக்தாரைக் கலைக்கச் சொல்கிறீர்களே!

கேள்வி: உக்ரைனின் ஷக்தார் டொனெட்ஸ்க் கால்பந்து அணி 2014-க்குப் பிறகு சொந்த ஊரில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஊர் ரஷ்யாவின் பிடியில். மைதானமும் கையில் இல்லை. பாவம், கௌரவமாகக் கலைத்துவிட்டு வீரர்களை நல்ல கிளப்களுக்கு அனுப்பிவிடலாமே?
- வாசகர் ஒருவர்

பதில்: கலைந்துபோன கிளப் எப்படி இருக்கும் என்று பார்க்க உக்ரைனிலேயே உதாரணம் இருக்கிறது. மரியுபோல் என்று ஓர் அணி இருந்தது. 2022-ல் ரஷ்யப் படை அந்த ஊரைச் சுற்றிவளைத்துத் தரைமட்டமாக்கியது. ஊரோடு அணியும் போயிற்று. செர்னிஹிவ் நகரின் தெஸ்னா அணியின் மைதானத்தில் அதே ஆண்டு மார்ச்சில் குண்டு விழுந்தது. அடுத்த சீசனின் பிரீமியர் லீக் பட்டியலில் தெஸ்னா இல்லை. இதில் எங்கே ஐயா இருக்கிறது கௌரவம்?

'பாவம்' என்பதும் ஷக்தாருக்குப் பொருந்தாது. ஊரைவிட்டு வந்த பிறகு 2024 வரை ஆறு முறை லீக் சாம்பியன்: 2017, 2018, 2019, 2020, 2023, 2024. ல்விவ், கார்கிவ், கீவ் என்று உள்நாட்டில் அலைந்து, போர் முற்றியதும் ஐரோப்பியப் போட்டிகளின் 'உள்ளூர்' ஆட்டங்களை வார்சா, ஹாம்பர்க், கெல்சன்கிர்ஷன் என்று அயல்நாட்டில் ஆடினார்கள். 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைனில் பயணிகள் விமானம் பறப்பதில்லை. பஸ்ஸில் மணிக்கணக்காகப் போய், எல்லையில் காத்திருந்து, போலந்தில் விமானம் பிடித்து, மறுநாள் மைதானத்தில் இறங்க வேண்டும். அப்படிப் போய்த்தான் 2023 நவம்பர் 7 அன்று ஹாம்பர்க்கில் பார்சிலோனாவை 1-0 என்று சாய்த்தார்கள். 40-வது நிமிடத்தில் டானிலோ சிகான் தலையால் முட்டிப் போட்ட கோல். எதிரே நின்றது பார்சிலோனா என்பதை மறந்துவிடாதீர்கள்.

உள்நாட்டு ஆட்டங்களிலோ வான்தாக்குதல் சைரன் ஒலித்தால் நடுவர் விசில் ஊதி இரு அணிகளையும் பதுங்கிடத்துக்கு அழைத்துப் போக வேண்டும். 2022 ஆகஸ்டில் ருக் ல்விவும் மெட்டலிஸ்டும் மோதிய ஆட்டம் முடிய நாலரை மணி நேரம் ஆயிற்று. வியர்வை காய்ந்து, தசை இறுகி, மறுபடி உடம்பைச் சூடேற்றி ஆட வேண்டும். கலைத்துவிடும் எண்ணம் இருந்திருந்தால் அன்றே கலைத்திருப்பார்கள்.

ஷக்தார் என்றால் சுரங்கத் தொழிலாளி. 1936-ல் கிளப் பிறந்தபோது வைத்த பெயர் ஸ்டகானவெட்ஸ். ஒரே ஷிப்ட்டில் 102 டன் நிலக்கரி வெட்டியதாக 1935-ல் சோவியத் அரசு கொண்டாடிய அலெக்ஸி ஸ்டகானவின் நினைவாக வைத்தது. அவர் பின்னாலேயே சுரங்கக் கூரை சரியாதபடி மரத்தூண் முட்டுக் கொடுத்துக்கொண்டு வந்த இருவர் அந்தச் சாதனைக் கணக்கில் சேரவில்லை. முட்டுக் கொடுத்தவனை மறந்துவிட்டு வெட்டியவனுக்கு மட்டும் சிலை வைக்கும் புத்தி எனக்கு எப்போதும் ஆகாது. இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதி, திட்டும் வாங்கியிருக்கிறேன். மறுபடியும் எழுதுவேன்.

டொனெட்ஸ்கில் ஷக்தாரின் சொந்த மைதானமான டான்பாஸ் அரீனாவுக்கு வருவோம். 2009-ல் திறந்தது, 50,000 பேருக்கு மேல் உட்காரலாம். அதே ஆண்டு மே மாதம் இஸ்தான்புல்லில் ஜெர்மனியின் வெர்டர் பிரேமனை 2-1 என்று வென்று, ஐரோப்பிய கிளப்களுக்கான யூஃபா கோப்பையைத் தூக்கிய அணிக்குக் கிடைத்த வீடு. 2012 யூரோ கோப்பையின் ஓர் அரையிறுதி ஆட்டம் அங்கே நடந்தது. 2014 ஆகஸ்டில் குண்டு பட்டு அதன் முகப்பு உடைந்தது. அதன் பிறகு அந்தக் கட்டடத்திலிருந்துதான் கிளப் உரிமையாளர் ரினாத் அக்மெதோவின் அறக்கட்டளை ஊர் மக்களுக்கு உணவுப் பொட்டலம் கொடுத்தது. 2017-ல் ரஷ்ய ஆதரவுப் பிரிவினைவாதிகள் கைப்பற்றியதும் அதுவும் நின்றது. அன்றைய கேப்டன் டாரியோ ஸ்ர்னா குரோஷியாக்காரர், யுகோஸ்லாவியப் போரின்போது சிறுவன். 2014-ல் தன் ஊரிலிருந்து டொனெட்ஸ்க் பகுதிப் பிள்ளைகளுக்கு 20 டன் மாண்டரின் ஆரஞ்சு அனுப்பினார். விளையாட்டில் அரசியலைக் கலக்காதே என்று எனக்கு மாதம் தவறாமல் கடிதம் போடும் அன்பர்கள், முகப்பில் குண்டு போட்டவனிடமும் ஒரு கடிதம் போடட்டும்.

அக்மெதோவ் பெரும் கோடீஸ்வரர், அவர் பணத்தில் பிழைக்கும் அணிதானே என்று அடுத்து கேட்பீர்கள். கோடீஸ்வரர்தான். நான் அவர் ரசிகனும் அல்ல. 2023 ஜனவரியில் ஷக்தார் வீரர் முட்ரிக்கை இங்கிலாந்தின் செல்சி கிளப்புக்கு 7 கோடி யூரோவுக்கு விற்றபோது, மரியுபோலைக் காத்து நின்ற வீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் 2.5 கோடி டாலர் தருவதாக அறிவித்தார். அதைப் பாராட்ட எனக்குத் தயக்கமில்லை.

என் கோபமெல்லாம் உலகக் கால்பந்தை ஆளும் ஃபிஃபா மீது. உக்ரைனில் உள்ள வெளிநாட்டு வீரர்கள் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்து வேறு கிளப்புக்குப் போகலாம் என்று 2022-ல் விதி போட்டார்கள். குண்டு விழும் ஊரில் யாரும் ஆடக் கடமைப்பட்டவர்கள் அல்லர், சரி. ஆனால் அந்த வீரர்களை விற்று வரவேண்டிய பணத்தை நம்பி அணி நடத்தியவனுக்கு என்ன பதில்? 5 கோடி யூரோ இழப்பீடு கேட்டு ஷக்தார் விளையாட்டுக்கான நடுவர் மன்றத்துக்குப் போனது. 2023 ஜனவரியில் மனு தள்ளுபடி. லாபம் அடைந்தவை பணக்கார கிளப்கள். 'நல்ல கிளப்களுக்கு அனுப்பிவிடலாமே' என்கிறீர்களே, காசு கொடுக்காமல் அள்ளிக்கொண்டு போனவர்கள் அவர்கள்தான். கடைசி வீரனையும் அவர்களிடமே கொண்டுபோய் விடச் சொல்கிறீர்களா?